போர் விமானத்திலிருந்து பல்கலைக்கழகத் தலைமைக்கு: ஜெனரல் மார்க் வெல்ஷ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். வகுப்பறையில் எடுத்த ஒரு வீடியோதான் காரணம் என்று செய்தி ஓடியது. விலகியவர் அதற்கு முன் அமெரிக்க விமானப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் என்று தெரிந்ததும் பலருக்கும் வியப்பு. அது முதல் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

யார் இந்த மார்க் வெல்ஷ்?

முழுப்பெயர் மார்க் ஏ. வெல்ஷ் III. 1954 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் பிறந்தார். அப்பாவும் விமானப்படை அதிகாரி. கொலராடோவில் உள்ள விமானப்படை அகாடமியில் படித்து 1976-இல் வெளியே வந்தார். அந்த வருடக் கோடையில்தான் அகாடமியில் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தார்கள். அதாவது, ஆண்கள் மட்டுமே இருந்த அகாடமியிலிருந்து வெளியேறிய கடைசிக் கூட்டத்தில் ஒருவர் அவர். இது சும்மா ஒரு தகவல் அல்ல. பின்னாளில் பெண் வீரர்களின் பாதுகாப்பு பற்றி நாடாளுமன்றக் குழு முன் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்தவர் இவர்தான்.

40 வருட ராணுவ சேவைக்குப் பின் 2016-இல் ஓய்வு. அதே வருடம் ஏ அண்ட் எம்மின் புஷ் அரசியல், பொதுச்சேவைப் பள்ளிக்கு டீன். 2023-இல் பல்கலைக்கழகத் தலைவர். 2025-இல் ராஜினாமா.

விமானப்படையில் எப்படி 'ஜெனரல்'?

அமெரிக்காவில் விமானப்படை 1947 வரை தரைப்படையின் ஒரு பகுதி. பிரிந்து வந்தபோது அதே பதவிப் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள். வெல்ஷ் நான்கு நட்சத்திர ஜெனரல். இந்திய விமானப்படைக் கணக்கில் ஏர் சீஃப் மார்ஷலுக்குச் சமம்.

நிஜமாகவே போரில் பறந்தவரா?

ஆமாம். 1991 வளைகுடாப் போரில் எஃப்-16 ஓட்டினார். அதற்கு முன்பு ஏ-10 ஓட்டியவர். மொத்தம் 3,400 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம். தென்கொரியாவின் குன்சான் தளத்தில் 8-ஆவது போர் விமானப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அதன்பின் 1999 முதல் 2001 வரை தான் படித்த அகாடமியிலேயே கேடட்டுகளுக்குத் தளபதி. மாணவர்களை நேரடியாகக் கையாண்ட முதல் பெரிய பொறுப்பு அதுதான். பிறகு சிஐஏவில் ராணுவ விவகாரங்களுக்கான இணை இயக்குநர், ஐரோப்பாவில் உள்ள அமெரிக்க விமானப்படைக்குத் தளபதி என்று ஏறிக்கொண்டே போனார்.

2011 இறுதியில் அகாடமி மாணவர்களிடம் அவர் பேசிய பேச்சு இணையத்தில் பெரிதாகப் பரவியது. வளைகுடாப் போரில் தான் பார்த்ததையும் செய்ததையும் குரல் உடைய உடையச் சொன்னார். அடிக்கடி அவர் சொல்லும் கருத்து ஒன்று: உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் அவரை நடத்த முடியாது. பேச்சுத் திறமைதான் அவரை உயர்த்தியது என்று சொல்பவர்களும் உண்டு. அது பாதி உண்மை.

தலைமைத் தளபதி என்றால் எல்லாப் போருக்கும் உத்தரவு போடுபவர்தானே?

இல்லை, இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி விமானப்படைத் தலைமைத் தளபதி போர்க் கட்டளைச் சங்கிலியிலேயே இல்லை. அதிபர், பாதுகாப்புச் செயலாளர், அந்தந்தப் பகுதியின் போர்த் தளபதி என்று உத்தரவு நேராகப் போய்விடும். ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, விமானம் வாங்குவது, இவற்றுக்கெல்லாம் பணம் கேட்பது ஆகியவைதான் தலைமைத் தளபதியின் வேலை. பணம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. எனவே வருடா வருடம் செனட் குழு முன் உட்கார்ந்து, கேமரா பார்க்க, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

2012 ஆகஸ்டில் 20-ஆவது தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார் வெல்ஷ். அடுத்த வருடமே தானியங்கிச் செலவுக் குறைப்பு வந்து விழுந்தது. நாடாளுமன்றத்தில் கட்சிகள் உடன்பாட்டுக்கு வராததால் எல்லாத் துறைகளிலும் ஒரே போடாக வெட்டினார்கள். 2013 ஏப்ரலில் போர் விமானப் படைப்பிரிவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பறக்காமல் தரையில் நின்றது. விமானம் இருக்கிறது, விமானி இருக்கிறார், எரிபொருளுக்கும் பராமரிப்புக்கும் காசு இல்லை. பல்கலைக்கழகத் தலைவராவதற்கு எது அவரைத் தயார் செய்தது என்று கேட்டால், எஃப்-16 இருக்கையைவிட இந்தச் செனட் நாற்காலியைத்தான் நான் சொல்வேன்.

ஏ-10 விமானச் சண்டை என்ன? அதை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

ஏ-10 தரைப்படைக்குத் துணையாகத் தாழப் பறந்து சுடும் பழைய விமானம். மூக்கில் ஏழு குழல் கொண்ட 30 மில்லிமீட்டர் பீரங்கி. விமானியைச் சுற்றித் தொட்டி மாதிரி டைட்டானியக் கவசம். தரையில் சண்டை போடும் சிப்பாய்க்கு அதன் சத்தமே தெம்பு.

அதை மொத்தமாக ஓய்வு கொடுத்து அனுப்பினால் ஐந்து வருடத்தில் சுமார் 420 கோடி டாலர் மிச்சமாகும் என்பது விமானப்படையின் கணக்கு. அந்தக் காசை எஃப்-35 போன்ற புது விமானங்களுக்குத் திருப்பலாம். அந்த யோசனையைச் செனட்டில் நின்று வாதாடியவர் வெல்ஷ். ஏ-10-ஐ ஓட்டிப் பழகியவரே இப்படிச் சொன்னார் என்பதால் வாதத்துக்கு எடை இருந்தது, ஆனால் எடுபடவில்லை. ஜான் மெக்கெயின், கெல்லி ஏயோட் போன்ற செனட்டர்கள் எதிர்த்து நின்றார்கள். ஏயோட்டின் கணவரும் முன்னாள் ஏ-10 விமானி. 2014-இல் இஸ்லாமிய அரசு அமைப்புக்கு எதிரான போர் தொடங்கி, ஏ-10 மறுபடி களத்துக்குப் போனதும் வெல்ஷ் தரப்பு இன்னும் பலவீனமானது. கடைசியில் நாடாளுமன்றம் தடுத்துவிட்டது.

இதற்கு நடுவே இன்னொன்று நடந்தது. ஏ-10-ஐப் புகழ்ந்து நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பேசுவது தேசத்துரோகத்துக்குச் சமம் என்று மூத்த தளபதி ஒருவர் தன் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். 2015 ஏப்ரலில் அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். யார் எந்த அரங்கில் என்ன பேசலாம், பேசியதற்காக யாருக்கு வேலை போகலாம் என்ற தகராறு பத்து வருடம் கழித்து ஒரு வகுப்பறை வடிவத்தில் வெல்ஷின் எதிரிலேயே வந்து நின்றது.

அவர் காலத்தில் பாலியல் குற்றச்சாட்டுகள் எழுந்ததாகச் சொல்கிறார்களே?

அவர் பொறுப்புக்கு வருமுன்னே வெடித்த விவகாரம் அது. சான் அன்டோனியோவின் லாக்லாண்ட் தளத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் பயிற்சியாளர்கள் அத்துமீறியது வெளியே வந்தது. இதை முன்னிட்டு டெக்சாஸ் செனட்டர் ஜான் கோர்னின் வெல்ஷின் நியமனத்தையே சில நாள் நிறுத்தி வைத்தார். 2013 ஜனவரியில் நாடாளுமன்றக் குழு முன் வெல்ஷ் பதில் சொன்னார். எல்லாத் தளங்களிலும் பணியிடங்களைச் சோதிக்கச் சொன்னதில், ஆபாசமான அல்லது முறையற்ற பொருள்கள் 30,000-க்கு மேல் சிக்கின. அதே வருடம், இளைஞர்களின் உறவுப் பழக்கம் மாறிவிட்டதையும் ஒரு காரணமாக அவர் சொன்னபோது, பாதிக்கப்பட்டவர் மேல் பழி போடுகிறார் என்று கடும் விமர்சனம் எழுந்தது. விமர்சனம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு ஆயுத நிறுவனத்துக்குப் போகாமல் ஏன் கல்லூரிக்கு?

அவர் மனதில் என்ன இருந்தது என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடம் அவருக்குப் பொருந்தியதற்குக் காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. புஷ் பள்ளி, முன்னாள் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் பெயரில் 1997-இல் திறக்கப்பட்டது. அரசுப் பணி, வெளியுறவு, உளவு, பாதுகாப்பு ஆகிய துறைகளுக்கு ஆட்களை உருவாக்கும் பள்ளி. புஷ்ஷும் இளம் வயதில் போர் விமானி. சிஐஏ, பென்டகன், நாடாளுமன்றம் எல்லாவற்றையும் பார்த்த ஒருவர் அங்கே டீனாக வருவது இயல்பான பொருத்தம்.

2018 டிசம்பரில் புஷ்ஷின் உடல் ரயிலில், பல்கலைக்கழகம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் ஊருக்கு வந்தது. யூனியன் பசிபிக் நிறுவனம் அவருக்காகவே நீல நிறம் தீட்டி, 41-ஆவது அதிபர் என்பதால் 4141 என எண்ணிட்ட எஞ்சின் அதை இழுத்து வந்தது. பள்ளியை ஒட்டியுள்ள அதிபர் நூலக வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். அப்போது பள்ளியின் டீன் வெல்ஷ்தான்.

பிஎச்டி இல்லாதவர் எப்படிப் பல்கலைக்கழகத் தலைவர் ஆகலாம்?

சட்டத் தடை எதுவும் இல்லை. வெல்ஷிடம் இருப்பது கணினி வள மேலாண்மையில் முதுகலைப் பட்டம். அமெரிக்காவில் பல்கலைக்கழகத் தலைவரின் வேலையில் பெரும்பகுதி நிதி திரட்டுவது, சட்டமன்றத்தைச் சமாளிப்பது, முன்னாள் மாணவர்களை அணைத்துக்கொண்டு போவது. பாடத்திட்டப் பொறுப்பைக் கவனிக்கப் புரவோஸ்ட் என்று தனியாக ஒருவர் இருப்பார். ஆராய்ச்சி செய்து பழகாதவர் ஆராய்ச்சியாளர்களை நடத்தலாமா என்ற முணுமுணுப்பு எப்போதும் உண்டு. வெல்ஷ் விஷயத்தில் அது பெரிதாக ஒலிக்கவில்லை. ஏழு வருடம் டீனாக இருந்து பேராசிரியர்களுக்குப் பழக்கமாகியிருந்தார்.

தலைவர் பதவி அவருக்கு எப்படி வந்தது?

ஒரு குழப்பத்தின் நடுவே. 2023 ஜூனில், நியூயார்க் டைம்ஸில் பணியாற்றிய கேத்லீன் மெக்எல்ராயை இதழியல் துறையை மீட்டெடுக்க ஏ அண்ட் எம் அழைத்தது. விழா வைத்துக் கையெழுத்தும் போட்டார்கள். அவர் கறுப்பினத்தவர், பன்முகத்தன்மை பற்றி எழுதியவர். வலதுசாரித் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்ததும், நிரந்தரப் பேராசிரியர் பதவி என்று பேசியது ஐந்து வருட ஒப்பந்தமாகி, கடைசியில் ஒரு வருடமாகச் சுருங்கியது. அவர் வேண்டாம் என்று விலகினார். ஜூலையில் அன்றைய தலைவர் கேதரின் பேங்க்ஸ் ராஜினாமா செய்தார். பல்கலைக்கழகம் மெக்எல்ராயிடம் மன்னிப்புக் கேட்டு 10 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

அந்த ஜூலையிலேயே வெல்ஷ் இடைக்காலத் தலைவர். டிசம்பரில் நிரந்தரம். அப்போது அவருக்கு வயது 69. தீயை அணைக்க வந்தவர்தான் பிறகு வீட்டுக்குப் பொறுப்பாளி ஆனார்.

ஏ அண்ட் எம்முக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம்?

1876-இல் விவசாய, இயந்திரவியல் கல்லூரியாகத் தொடங்கியது. ராணுவப் பயிற்சி கட்டாயம். படித்தவர் எல்லோரும் கேடட்டுகள். இன்று 70,000-க்கு மேல் மாணவர்கள்; அதில் சீருடை அணிபவர்கள் சுமார் 2,000 பேர். இருந்தாலும் வழக்கமெல்லாம் அந்தக் கால வாசனைதான். வழியில் எதிர்ப்படும் முன்பின் தெரியாதவருக்கும் 'ஹவ்டி' சொல்வார்கள். அந்த வருடத்தில் இறந்த ஏ அண்ட் எம்காரர்களின் பெயரை ஏப்ரல் 21-இல் ஒவ்வொன்றாக வாசிக்க, கூட்டத்திலிருந்து யாராவது அவருக்காக 'இருக்கிறேன்' என்று பதில் கொடுப்பார்கள்.

அந்தக் கட்டாயத்தை உடைத்தவரும் ஒரு ஜெனரல்தான் என்பது வேடிக்கை. 1944-இல் நார்மண்டியில் பாயிண்ட் டு ஹாக் செங்குத்துப் பாறையில் ரேஞ்சர் படையை ஏற்றிய ஏர்ல் ரடர், 1959 முதல் 1970 வரை கல்லூரித் தலைவர். பெண்களும் கறுப்பின மாணவர்களும் முறையாகச் சேர்ந்தது அவர் காலத்தில். கேடட் படை விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றாக்கியதும் அவரே. முன்னாள் மாணவர்கள் கொதித்தார்கள், அவர் அசையவில்லை. பின்னாளில் ராபர்ட் கேட்ஸ் எதிர்த் திசையில் போனார். சிஐஏ இயக்குநராக இருந்து, 2002 முதல் 2006 வரை ஏ அண்ட் எம்மை நடத்தி, அங்கிருந்து பாதுகாப்புச் செயலாளரானார்.

தலைவருக்கு மேலே யார்? அவரால் தானாக முடிவெடுக்க முடியாதா?

மேலே ஆட்சிமன்றம், அதாவது ரீஜெண்டுகள். ஒன்பது பேரையும் மாநில ஆளுநர் நியமிக்கிறார், ஆறு வருடத்துக்கு. ஏ அண்ட் எம் குழுமத்தில் பல பல்கலைக்கழகங்கள் உண்டு. அவற்றுக்கெல்லாம் வேந்தர் ஒருவர். அவருக்கும் கீழேதான் பல்கலைக்கழகத் தலைவர். 2015 முதல் ஆளுநர் கிரெக் அபாட் என்பதால், 2025 வாக்கில் மன்றத்தில் இருந்த எல்லோருமே அவர் நியமித்தவர்கள். இது போதாதென்று சட்டங்களும் வந்தன. 2024 தொடக்கத்திலிருந்து பொதுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்களுக்குத் தடை. 2025 செப்டம்பர் 1 முதல் பாடத்திட்டத்தின் மீது ரீஜெண்டுகளுக்கு அதிக அதிகாரம்.

பதவியில் இருந்தபோது நடந்த முக்கிய முடிவுகள் எவை?

2003-இல் தொடங்கிய கத்தார் வளாகத்தை 2028-க்குள் மூட 2024 பிப்ரவரியில் மன்றம் 7-1 என்று வாக்களித்தது. அதே வருட நவம்பரில், மாணவர் சேர்க்கை குறைவு என்று 52 துணைப்பாட, சான்றிதழ்ப் படிப்புகளை எடுத்தார்கள். அதில் பாலினச் சிறுபான்மையினர் பற்றிய படிப்பும் ஒன்று என்பதால் இது எண்ணிக்கைக் கணக்கா, அரசியல் கணக்கா என்று பேராசிரியர்கள் கேட்டார்கள். அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளரை ஒப்பந்தத்தின் நடுவில் நீக்கி, ஈடாக 7.5 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டதும் அவர் இடைக்காலத் தலைவராக இருந்தபோதுதான். டெக்சாஸில் கால்பந்து தனி உலகம். அதை இதோடு விடுவோம்.

2025 ஜனவரியில் முதல் எச்சரிக்கை மணி. குறிப்பிட்ட இனத்தவருக்கு மட்டுமான ஒரு ஆய்வு மாணவர் மாநாட்டுக்கு வணிகப் பள்ளி ஆள் அனுப்பப் போகிறது என்று சமூக வலைத்தளத்தில் கிளம்பியது. சரிசெய்யாவிட்டால் தலைவர் பதவி போய்விடும் என்று ஆளுநர் வெளிப்படையாகவே எழுதினார். வெல்ஷ் ஆட்களை அனுப்பவில்லை.

சரி, கடைசியில் ஏன் விலகினார்?

2025 கோடையில் நடந்த சிறுவர் இலக்கிய வகுப்பு. பாடத்தில் பாலின அடையாளம் பற்றிய பகுதி வந்தபோது ஒரு மாணவி எழுந்து, இது அதிபரின் உத்தரவுக்கு எதிரானது என்று ஆட்சேபித்தார்; ஆசிரியர் அவரை வெளியேறச் சொன்னார். செப்டம்பர் 8-இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் பிரையன் ஹாரிசன் அந்த வீடியோவை வெளியிட்டார். மாணவியிடம் வெல்ஷ் பேசிய ஒலிப்பதிவும் வெளிவந்தது. ஆசிரியரை நீக்கச் சொன்னபோது முடியாது என்று வெல்ஷ் மறுப்பது அதில் கேட்டது.

அதே நாளில் துறைத் தலைவரையும் டீனையும் நிர்வாகப் பொறுப்பிலிருந்து எடுத்தார். மறுநாள் ஆசிரியரையும் பணிநீக்கம் செய்தார். பாட அறிவிப்பில் சொன்னதும் வகுப்பில் நடத்தியதும் ஒத்துப்போகவில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஒலிப்பதிவில் மறுத்தவர் பிறகு அதையே செய்ததால் இரண்டு பக்கமும் நம்பிக்கை போயிற்று. வலதுசாரிகளுக்கு அவர் தாமதித்தவர். கல்விச் சுதந்திரம் பேசியவர்களுக்கு அவர் பணிந்தவர். பத்து நாளில் முடிந்தது. செப்டம்பர் 18-இல் ராஜினாமா அறிவிப்பு, 19-இல் கடைசி நாள். அன்று நிர்வாகக் கட்டடத்துக்கு வெளியே மாணவர்களும் ஊழியர்களும் நூற்றுக்கணக்கில் கூடிக் கைதட்டி வழியனுப்பினார்கள்.

ராணுவப் பழக்கம் அவருக்கு உதவியதா, கெடுத்ததா?

உதவியது என்றால் மனிதர்களிடம். பேராசிரியர்களும் மாணவத் தலைவர்களும் அவருக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார்கள். முந்தைய தலைவருக்குக் கிடைக்காத மரியாதை அது.

கெடுத்தது என்று சொல்வதானால், மேலிடத்துக்கும் கீழிடத்துக்கும் நடுவே நிற்கும் விதத்தில். ராணுவ அதிகாரி தன் கருத்தைச் சொல்வார், முடிவு வேறு மாதிரி வந்தால் அதை நிறைவேற்றுவார். அதில் குறை காண யாரும் இல்லை. ஏ-10 விஷயத்தில் தோற்றும் அவர் பதவியில் நீடித்தது இதனால்தான். பல்கலைக்கழகத்தில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஆசிரியரை நீக்கினால் அது 'மேலிடத்து முடிவு' அல்ல, தலைவரின் முடிவு. விமர்சகர்கள் அவரைக் கோழை என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நீக்க மறுத்து அன்றே வெளியேறியிருந்தால் மதிப்போடு போயிருப்பார், அவ்வளவுதான். ஆசிரியரின் வேலை அப்போதும் போயிருக்கும்.

வேறு ஜெனரல்கள் இப்படி வந்திருக்கிறார்களா?

நிறைய. ஐசனோவர் 1948-இல் கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவரானார், பிறகு நாட்டின் அதிபர். விமானப்படையிலிருந்து ஜான் ரோசா, சவுத் கரோலினாவின் சிட்டடல் ராணுவக் கல்லூரியை 2006 முதல் 2018 வரை நடத்தினார். தான் படித்த கல்லூரி என்பதால் பெரிய சிக்கல் இல்லை. தரைப்படையின் ராபர்ட் காஸ்லன், சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு உரையில் பிறர் வரிகளை எடுத்துப் பேசிவிட்டு 2021-இல் விலக நேர்ந்தது. இந்தியாவில் தரைப்படைத் துணைத் தலைமைத் தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் ஜமீருத்தீன் ஷா 2012 முதல் 2017 வரை அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நடிகர் நசிருத்தீன் ஷாவின் அண்ணன்.

வெல்ஷுக்குப் பிறகு யார்?

முன்னாள் மாநிலச் செனட்டர் டாமி வில்லியம்ஸ் இடைக்காலத் தலைவராக நியமிக்கப்பட்டார். அப்போது வேந்தராக இருந்தவர் கிளென் ஹேகர்; அவரும் முன்னாள் அரசியல்வாதி, மாநிலக் கணக்குத் துறைத் தலைவராக இருந்தவர். 2025 நவம்பரில் ரீஜெண்டுகள் புது விதி கொண்டுவந்தார்கள்: இன, பாலினக் கருத்தியலை வலியுறுத்தும் எந்தப் பாடத்துக்கும் அந்தந்தப் பல்கலைக்கழகத் தலைவரின் முன் ஒப்புதல் வேண்டும். எந்த வகுப்பில் எது நடத்தலாம் என்று கையெழுத்துப் போடும் பொறுப்பு, இனி அந்த நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் உண்டு.